பின்கதவில் ஒரு சங்கிலி

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சின்னவள் இணையத்தில் ஏற்றிய பொம்மைப் படம், திங்கட்கிழமை விடிவதற்குள் ஊரில் பாதிப் பேருடைய போனுக்குள் புகுந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை அண்ணனை அவனுடைய மேனேஜர் கூப்பிட்டார். அண்ணன் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினான். திரும்பி வந்தவன் யார் முகத்தையும் பார்க்காமல் போய்ப் படுத்துவிட்டான். போன வாரக் கதை அதோடு நின்றது.

புதன்கிழமை காலையில் டீ கொதிப்பதற்குள் வீடு கொதித்துவிட்டது.

"அந்தப் படத்தைத் தூக்கு" என்றான் அண்ணன். குளித்த தலையைத் துவட்டக்கூட இல்லை. ஈரம் சட்டைக் காலரில் சொட்டிக்கொண்டிருந்தது.

"எந்தப் படத்தை?"

"தெரியாத மாதிரி கேக்காதே. நெருப்புப் படம். மத்தியானத்துக்குள்ள தூக்கணும். தூக்கிட்டு, அது வெறும் கற்பனை, எங்க கம்பெனிக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைன்னு ரெண்டு வரி போடணும். மேனேஜர் சொல்லிட்டார்."

"உங்க கம்பெனியைப் பத்தி நான் ஒரு எழுத்துகூட எழுதலை. எழுதாத ஒண்ணுக்கு சம்பந்தம் இல்லைன்னு நான் எதுக்கு எழுதணும்?"

"சின்னு, காலங்காத்தால வாதாடாதே. எனக்கு வேலைக்கு நேரமாச்சு."

"எனக்கும்தான் ஆச்சு."

சின்னவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. பகலெல்லாம் ஃபிரேமில் லென்ஸ் பொருத்துவாள். தளர்ந்த திருகை இறுக்குவாள். மூக்கில் பதியாத கண்ணாடியை வளைத்துப் பதிய வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மாடி அறைக்குள் புகுந்துகொண்டு பொம்மைகளை வைத்துச் சினிமா எடுப்பாள். தியேட்டரில் நாம் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போமே, அந்த மாதிரி ஒரே ஒரு காட்சி. அதை மேஜை மேல் ஜோடித்து, அசையாத படமாக எடுப்பாள். ரயில் நகர்ந்த பிறகும் ஜன்னல் கம்பியை விடாத கரடி. கொட்டும் மழையில் நேருக்கு நேர் நிற்கும் இரண்டு குதிரை வீரர்கள். கோர்ட்டுக் கூண்டில் தலை குனிந்து நிற்கும் முயல். ரயில் புகைக்குப் பஞ்சைப் பிரித்து விடுவாள். கிட்டத்தில் எடுப்பதற்கு, கடையில் கழித்துப் போட்ட பவர் லென்ஸை கேமரா முன்னால் பிடித்துக்கொள்வாள். 'பொம்மை சினிமா' என்று ஒரு பக்கம் வைத்திருந்தாள். அதைப் பார்க்க வாராவாரம் காத்திருக்கும் கூட்டமும் இருந்தது.

பொம்மைகள் அண்ணன் கொண்டு வந்தவை. அவன் பொம்மைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். கால் கோணியது, ஒரு கண் மட்டும் வானத்தைப் பார்ப்பது என்று 'ரிஜெக்ட்' பெட்டியில் விழுவதையெல்லாம் தங்கைக்காகப் பை பையாய் அள்ளி வருவான். மழைக் காட்சிக்கு ஸ்பிரே பாட்டிலைப் பிடித்து மழை பெய்ய வைத்ததே அவன்தான். சின்ன வயதில் தான் பார்த்து வந்த சினிமாவை முழுசாகத் தங்கைக்கு நடித்துக் காட்டியவன். சண்டைக் காட்சி வந்தால் தலையணைக்கு உதை விழும். அந்த அண்ணன்தான் இப்போது போனை நீட்டிக்கொண்டு, 'தூக்கு' என்கிறான்.

போனில் படம் தெரிந்தது. தீப்பிடித்த கட்டடம், கிளைமாக்ஸ் காட்சி. மேஜை விளக்கில் ஆரஞ்சு நிறக் கண்ணாடித்தாளை ஒட்டிப் பின்னாலிருந்து வெளிச்சம் கொடுத்திருந்தாள். மேலே பஞ்சுப் புகை. பெண் பொம்மைகள் கும்பலாக ஒரு கதவில் மோதி நிற்கின்றன. முன்னால் நிற்கும் பொம்மையின் கன்னம் கதவோடு ஒட்டியிருக்கிறது. கதவின் கைப்பிடியில் மெல்லிய சங்கிலி, இரண்டு சுற்று.

"சரி, சினிமா சீன்தான்னே வச்சுக்குவோம்" என்றான் அண்ணன். "அந்தச் சங்கிலி எங்கேருந்து வந்தது?"

சின்னவளின் பார்வை தானாக அடுப்புப் பக்கம் போனது. அண்ணி டிபன் பாக்ஸ் மூடியை அழுத்திக்கொண்டிருந்தாள். மூடி எப்போதோ மூடிக்கொண்டுவிட்டது. அவள் இன்னும் அழுத்திக்கொண்டிருந்தாள்.

சங்கிலியை மாட்டியது அண்ணி. ஞாயிற்றுக்கிழமை மாடிக்கு வந்தவள் கொஞ்ச நேரம் பொம்மைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "இது இருந்தா நல்லா இருக்கும்" என்று தன்னுடைய அறுந்துபோன கைச்சங்கிலியைக் கைப்பிடியில் சுற்றினாள்; முன்னால் நின்ற பொம்மையைக் கொஞ்சம் திருப்பி வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள். சின்னவளுக்கு அது பிடித்திருந்தது. ஏன், எதற்கு என்று கேட்கவில்லை.

"நான்தான் போட்டேன்" என்றாள் இப்போது. "கிளைமாக்ஸ்னா கதவு பூட்டித்தான் இருக்கும்."

"மேனேஜர் நம்பமாட்டார்."

"ஏன் நம்பமாட்டார்?"

அண்ணன் துண்டை எடுத்துத் தலையைத் துவட்டத் தொடங்கினான். அவன் முகம் துண்டுக்குள் இருந்தது. அப்போதுதான் சின்னவளுக்கு உறைத்தது.

"அண்ணா. அங்கே நிஜமாவே பூட்டியிருக்கா?"

"பின்படி வழியா சரக்கு வெளியே போகுதுன்னு... கொஞ்ச நாளைக்கு... மேலேருந்து வந்த உத்தரவு."

"எந்தக் கதவு? மாடியில பெயின்ட் அடிக்கற இடத்துப் பின்கதவா? தீப்பிடிச்சா ஓடறதுக்குன்னு வச்ச கதவா?"

"சாவி என்கிட்டதானே இருக்கு! நான் அங்கேயேதானே இருக்கேன்!"

"நீ இருக்கறது கீழே, ஃபேன் போட்ட ரூம்ல. உன் பெண்டாட்டி உக்காந்திருக்கறது மேலே, பொறி பட்டாலே பத்திக்கற தின்னர் டின்னுக்குப் பக்கத்துல!"

அவள் குரல் பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் இருந்தது அவளுக்கு. உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பொம்மையைப் பூட்டி வைத்துப் படம் எடுத்தால் குற்றம். மனுஷிகளைப் பூட்டி வைத்து வேலை வாங்கினால் உத்தரவு. இது எந்த ஊர் நியாயம்?

"டீ ஆறுது" என்றாள் அண்ணி. அவ்வளவுதான் சொன்னாள்.

அண்ணன் டீயைத் தொடவில்லை. ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு, "மத்தியானம். அதுக்கு மேல என் கையில ஒண்ணும் இல்லை" என்று படியிறங்கினான். பைக் கோபமாகக் கிளம்பிப் போன சத்தம் கேட்டது.

அண்ணியும் அதே தொழிற்சாலைதான். பொம்மைக்குக் கண் வரையும் வேலை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் ஒரு தடவைகூட அண்ணனோடு பைக்கில் வேலைக்குப் போனதில்லை. சூப்பர்வைசர் பெண்டாட்டி என்று நாலு பேர் பேசுவார்கள் என்று கம்பெனி வேனுக்குத்தான் நிற்பாள். அன்றைக்குச் சின்னவளும் அவளோடு தெருமுனை வரை நடந்தாள்.

"அண்ணி, என்னதான் நடந்தது?"

அண்ணி பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினாள்.

"போன மாசம் ஒரு நாள் மோட்டார் புகைஞ்சது. தின்னர் பக்கத்துலேயே. யாரோ 'ஓடு'ன்னாங்க. எல்லாரும் பின்கதவுக்குத்தான் ஓடினோம், அதுதானே கிட்ட. நான்தான் முதல்ல போனேன். தள்ளினேன், திறக்கலை. பின்னாடி வர்றவங்களுக்கு அது தெரியாதே! அவங்க என்னைத் தள்ளறாங்க. என் முகம் கதவுல அழுந்திடுச்சு. 'பூட்டியிருக்கு, பூட்டியிருக்கு'ன்னு கத்தறேன், என் குரல் எனக்கே கேக்கலை."

அவள் கன்னத்தைத் தொட்டுக்கொண்டாள். படத்தில் கதவோடு ஒட்டியிருந்தது எந்தப் பொம்மையின் கன்னம் என்று சின்னவளுக்கு இப்போது புரிந்தது. அந்தப் பொம்மையை அப்படித் திருப்பி வைத்ததும் அண்ணிதான்.

"அப்புறம்?"

"யாரோ மெயின் சுவிட்சை அணைச்சாங்க. புகை நின்னுடுச்சு. எல்லாரையும் உக்காரச் சொல்லி, மறுபடி வேலை பாக்கச் சொன்னாங்க. வெளியே பேசக்கூடாதுன்னாங்க."

"அண்ணன்கிட்ட சொல்லலையா நீங்க?"

"அன்னைக்கே சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் ஆகலையேன்னார்."

சின்னவள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். அவளுக்கு அப்போது அண்ணனுடைய சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. ஒன்றும் ஆகவில்லையாம்! பெண்டாட்டி கதவில் நசுங்கிவிட்டு வீட்டுக்கு வந்து சொல்கிறாள், ஒன்றும் ஆகவில்லையாம்!

வேன் வந்தது. ஏறும்போது அண்ணி திரும்பினாள்.

"உன்கிட்ட ஏன்னு சொல்லாம மாட்டினது தப்புதான். வாயால சொல்லித்தான் ஒண்ணும் நடக்கலையேன்னு..." என்றாள். வேன் கதவு அவள் பேச்சைப் பாதியில் வெட்டிச் சாத்திக்கொண்டது.

கடையில் அன்று சின்னவள் கையில் எதுவும் ஒழுங்காக நிற்கவில்லை. திருகு கீழே விழுந்தது. ஒரு பாட்டியம்மாவின் இடது லென்ஸை வலது பக்கம் பொருத்தப் பார்த்தாள். கடை முதலாளி ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பேசாமல் கணக்குக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

பதினோரு மணி வாக்கில் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, வாய் நிறையச் சிரிப்பு. மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"கொஞ்சம் இறங்கி இறங்கி வருது. இறுக்கிக் குடுக்க முடியுமா மேடம்?"

சின்னவள் அதை எடுத்துப் பார்த்தாள். திருகெல்லாம் கச்சிதமாக இருந்தது.

"உங்க அண்ணன் என்கிட்டதான் வேலை பாக்கறார்" என்றார் அவர். "நல்ல மனுஷர். வாய் பேசாதவர். இந்த வருஷம் அவருக்குப் பதவி உயர்வு குடுக்கலாம்னுகூடப் பேச்சு இருக்கு."

மேனேஜர்! சின்னவள் திருப்புளியைக் கையில் எடுத்துக்கொண்டாள். இறுக்குவதற்கு ஒன்றுமில்லை, ஆனாலும் கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கண்ணாடி இல்லாமல் அவர் முகம் உரித்த முட்டை மாதிரி இருந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அவளுக்கு ஒரு முழம் தள்ளி இருந்த விளம்பர அட்டையைப் பார்த்துப் பேசினார்.

"உங்க படமெல்லாம் பாத்தேன் மேடம். என்ன திறமை! எங்க கம்பெனி காலண்டருக்கு நீங்களே எடுத்துக் குடுங்களேன். புதுப் பொம்மை, நல்ல பொம்மை. இந்த ரிஜெக்ட் எதுக்கு உங்களுக்கு?"

"அந்த நெருப்புப் படத்தை எடுத்துட்டா, காலண்டர். அதானே சார்?"

"நான் அப்படிச் சொல்லலை." சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. "ஆனா பாருங்க, பொம்மை எங்களோடது. எங்க அனுமதி இல்லாம படம் எடுத்துப் போடறதே தப்பு. நாங்க இதுவரைக்கும் பெருந்தன்மையா இருந்திருக்கோம்."

"நீங்க குப்பைன்னு கழிச்சது சார் அது. குப்பையில கிடந்த வரைக்கும் உங்களோடதுன்னு நீங்க சொல்லலையே? ரயில்ல ஏத்தினேன், கோர்ட்டுல நிறுத்தினேன், மழையில நனைச்சேன். அப்பெல்லாம் வரலை. கதவுகிட்ட நிக்க வச்சதும் உங்களோடதாயிடுச்சா?"

கடை முதலாளி கணக்கிலிருந்து தலையை எடுத்துவிட்டார். காத்திருந்த பாட்டியம்மாவும் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"மேடம், ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். உங்க அண்ணன் குடும்பமே எங்க கம்பெனியை நம்பித்தான் இருக்கு."

"பயமுறுத்தறீங்களா சார்?"

"நல்லதுக்குச் சொல்றேன்."

சின்னவள் கண்ணாடியைத் துணியால் துடைத்தாள். நிதானமாக, இரண்டு பக்கமும். பிறகு நீட்டினாள்.

"போட்டுப் பாருங்க. நல்லாத் தெரியுதா?"

"தெரியுது."

"அப்ப நேரா போய் அந்தக் கதவைப் பாருங்க. சங்கிலியை எடுங்க. நீங்க சங்கிலியை எடுத்த அடுத்த நிமிஷம் நான் படத்தை எடுக்கறேன். இது என் வார்த்தை."

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. போகும்போது, தள்ள வேண்டிய கதவை இழுத்துப் பார்த்துக் கொஞ்சம் சிரமப்பட்டார்.

"எவன்டியம்மா அவன்?" என்றாள் பாட்டியம்மா. சின்னவள் அவளுடைய கண்ணாடியை எடுத்து, இடது லென்ஸை இடது பக்கமே பொருத்தினாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போனில் அண்ணியிடமிருந்து ஒரே ஒரு வார்த்தை வந்தது: 'வா.'

சின்னவள் முதலாளியிடம் அனுமதி கேட்கக்கூட இல்லை. "போய்ட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடித்தாள்.

தொழிற்சாலை கேட் பாதி திறந்திருந்தது. காவலாளி தன் வேலையை மறந்துவிட்டு உள்ளேதான் பார்த்துக்கொண்டிருந்தார். முற்றத்தில் பெயின்ட் பிரிவுப் பெண்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள். ஏப்ரனில் நீலமும் பச்சையுமாகத் தெறித்திருந்தது. சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்தபோது அவர்களில் ஒருத்தியும் எழுந்திருக்கவில்லையாம். 'மைக்' என்று எல்லோரும் கூப்பிடும் குண்டுக் குரல் அக்காதான் ஆரம்பித்து வைத்திருக்கிறாள்: "பொம்மைக்குப் பூட்டினதைப் பாத்தே எனக்கு மூச்சு முட்டுது. நான் மேலே போகமாட்டேன்டி!"

படிக்கட்டு மேல் மேனேஜர். அவருக்கு ஒரு படி கீழே அண்ணன்.

"உள்ளே நடக்கறதை வெளியே சொன்னது யாரு?" மேனேஜர் சிரிப்பைக் காலையோடு தீர்த்துவிட்டிருந்தார். "அந்த ஆளை மட்டும் சொல்லுங்க. மத்தவங்க மேல எந்த நடவடிக்கையும் கிடையாது. சூப்பர்வைசர், உமக்குத் தெரியாம இருக்காது."

அண்ணன் கேட்டருகே தங்கையைப் பார்த்துவிட்டான்.

"யாரும் சொல்லலை சார். என் தங்கச்சி அவளா யோசிச்சு எடுத்த படம் அது."

"இல்லை." கும்பலிலிருந்து அண்ணி வெளியே வந்தாள். "சங்கிலியை மாட்டினது நான்."

அண்ணன் அவளைப் பார்த்த பார்வையை என்னவென்று சொல்வது! இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தவளை அன்றைக்குத்தான் பார்ப்பவன் மாதிரி பார்த்தான்.

"நீயா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொன்னேன்" என்றாள் அண்ணி. "ஒண்ணும் ஆகலையேன்னு சொன்னீங்க."

எங்கேயோ ஒரு கம்பிரஸர் தானாக ஓடி நின்றது.

அண்ணி கையை நீட்டினாள். "சாவியைக் குடுங்க."

"குடுக்கக் கூடாது!" என்றார் மேனேஜர்.

அண்ணன் சாவியைக் கொடுக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. திரும்பித் தன் அறைக்குள் போனான். அவ்வளவுதான், ஒளிந்துகொண்டுவிட்டான் என்று சின்னவள் பல்லைக் கடித்தாள். ஆனால் அவன் சாவியோடு வெளியே வந்தான். யாரிடமும் பேசாமல் கட்டடத்தின் பக்கவாட்டில் இருந்த இரும்புப் படியில் ஏறினான். முற்றமே தலையைத் தூக்கிப் பார்த்தது.

மேலே, பின்கதவின் முன்னால், அவன் குனிந்தான். சாவியைப் பூட்டில் விட்டான். திருப்பினான். எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி திருப்பினான். இரண்டு கையாலும் திருப்பிப் பார்த்தான். பூட்டைக் கதவில் தட்டினான். கீழே இருந்தவர்களுக்கு இரும்பு தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

மழையில் நனைந்து துருப்பிடித்த பூட்டு. சாவி திரும்பவில்லை.

'சாவி என்கிட்டதானே இருக்கு' என்று காலையில் அவன் கத்தினானே, அந்தச் சாவிதான் இது. இதை நம்பித்தான் இத்தனை பெண்களும் தின்னருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கண் வரைந்துகொண்டிருந்தார்கள். அண்ணி உட்பட.

அண்ணன் நிமிர்ந்தான். படியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே குனிந்து கத்தினான். அவன் அப்படிக் கத்தி யாருமே கேட்டதில்லை.

"திரும்பலை சார்! சாவி திரும்பலை! அன்னைக்குப் புகை நிக்காம இருந்திருந்தா நான் ஓடி வந்து இங்கே நின்னு இதைத்தான் திருப்பிட்டிருந்திருப்பேன்! உள்ளே என் வீட்டுக்காரி நின்னிருப்பா சார்!"

"கீழே இறங்கி வாங்க, பேசிக்கலாம்" என்றார் மேனேஜர்.

"கட்டர் கொண்டு வாங்கப்பா யாராவது!"

மெயின்டனன்ஸ் ஆள் மேனேஜரைப் பார்த்தார், மேலே பார்த்தார், பிறகு போய் நீளக்கை கட்டரை எடுத்து வந்தார். இரண்டு பேருமாகச் சேர்ந்து அழுத்தியதும் சங்கிலி அறுந்து, இரும்புப் படியில் கடகடவென்று உருண்டு தரையில் விழுந்தது. அண்ணன் கதவை இழுத்தான். அது முனகிக்கொண்டு திறந்தது. உள்ளே வரிசையாக, பாதிக் கண் வரைந்த பொம்மைகள்.

மைக் அக்கா கையைத் தட்ட ஆரம்பித்தாள். அண்ணி தட்டவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சின்னவள் ஓடிப் போய் அவளைப் பிடித்துக்கொண்டாள். அந்த உடம்பு உதறிய உதறலில், ஒரு மாசமாக அவள் அடக்கி வைத்திருந்தது எவ்வளவு என்று தெரிந்தது.

அண்ணன் இறங்கி வந்ததும் மேனேஜர் சொன்னார், "நாளையிலேருந்து நீங்க ரெண்டு பேரும் வர வேண்டாம்."

"எழுத்துல குடுங்க சார்" என்றான் அண்ணன். "என்ன காரணம்னும் அதுலயே எழுதிக் குடுங்க."

மேனேஜர் சின்னவள் பக்கம் திரும்பி, "உங்க வார்த்தை என்னாச்சு மேடம்?" என்றார்.

சின்னவள் போனை எடுத்தாள். அவர் கண்ணெதிரிலேயே படத்தை நீக்கினாள்.

"ஐயோ, எதுக்குடி எடுத்தே?" என்று பதறினாள் மைக் அக்கா. பிறகு தன் போனைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். "சரி எடுத்துக்கோ. என்கிட்ட ஒண்ணு இருக்கு. என் தங்கச்சிகிட்ட ஒண்ணு இருக்கு. அவ மாமியார்கிட்டகூட இருக்கு!"

வீடு அன்று சாயங்காலம் வெற்றி பெற்ற வீடு மாதிரி இல்லை. அண்ணி வந்ததும் குளித்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை; ஆனால் அண்ணனுக்கு அந்த வாசலைத் தாண்டும் தைரியம் வரவில்லை. இரண்டு தடவை போய் நின்றுவிட்டுத் திரும்பினான். பிறகு மாடிக்கு வந்து, சின்னவளின் மேஜைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"என்கூடப் பேசமாட்டாளா சின்னு?"

"என்னைக் கேக்காதே. எனக்கே உன்மேல இருக்கற கோபம் போகலை."

"கதவைத் திறந்தேனே."

"ஊரே பாக்கும்போது திறந்தே. அண்ணி வீட்டுக்குள்ள வந்து சொன்னப்ப திறக்கலையே."

அண்ணன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். சொன்னது கொஞ்சம் அதிகம்தான். இருந்தும் திருப்பி எடுத்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

போன் அடித்தது. தெரியாத எண். எடுத்ததும் முதலில் இயந்திரச் சத்தம்தான் காதை அடைத்தது. அதற்குள்ளிருந்து, வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசுகிற மாதிரி ஒரு சின்னப் பெண்ணின் குரல்.

"பொம்மை சினிமா அக்காவா? உங்க நம்பரை மைக் அக்கா குடுத்தாங்க. அக்கா, எங்க கதவுக்கும் ஒரு படம் எடுத்துப் போடுவீங்களா?"

சின்னவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"எந்தக் கதவும்மா? எங்கேருந்து பேசறே?"

"பிஸ்கட் கம்பெனி அக்கா. எங்களுக்கு ரெண்டு கதவு. ரெண்டுமே வெளியேதான் பூட்டு. சாவி யார்கிட்ட இருக்குன்னே யாருக்கும் தெரியலை. ஐயோ, யாரோ வர்றாங்க. வச்சுடறேன்..."

சத்தம் அறுந்தது.

அண்ணன் எழுந்து நின்றுவிட்டான். முகம் வெளுத்திருந்தது.

"சின்னு, அது எங்க முதலாளியோட இன்னொரு கம்பெனி" என்றான். "மேனேஜர் சொன்னார்னு அங்கே பூட்டு வாங்கிப் போட ஆளை அனுப்பினதே நான்தான்."

கீழே, அண்ணியின் அறைவாசலில், காலடிச் சத்தம் கேட்டது. அவள் மாடிப்படி ஏறி வந்துகொண்டிருந்தாள். (தொடரும்)